பரிமாறுகிறவர்களே பந்தியிலும் உட்காரலாமா?

பெறுநர்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ப்ளேஆஃபை (தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றை) நிர்வகிக்கும் குழுவினர், குறிப்பாக பிக் டென், எஸ்இசி ஆகிய இரண்டு கான்ஃபரன்ஸ்களின் ஆணையர்கள், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் பல்கலைக்கழகத் தலைவர்கள்.

2026 முதல் ப்ளேஆஃபின் வடிவத்தை முடிவு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் உங்கள் இரண்டு கான்ஃபரன்ஸ்களின் கையில் இருக்கும் என்று 2024 மார்ச்சில் ஓர் உடன்படிக்கை போட்டுக்கொண்டீர்கள். மற்றவர்களிடம் கருத்துக் கேட்பீர்கள், கடைசிச் சொல் உங்களுடையது. அதன் பிறகு வந்த யோசனைகளில் ஒன்று பிக் டென்னுக்கு நான்கு இடம், எஸ்இசிக்கு நான்கு இடம், ஏசிசி, பிக் 12 என்ற மற்ற இரண்டு பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கும் தலா இரண்டு, மிச்சமிருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்று என்று இருந்தது. சீசனில் ஒரு பந்துகூட வீசப்படுவதற்கு முன்பே எட்டு நாற்காலிகளில் துண்டு போட்டு வைக்கும் யோசனை இது. இப்போது 16 அணியா 24 அணியா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனை அணி என்பதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆட்சேபம்.

நான் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவன். 2008-ல் புல்மனுக்கு வந்து இறங்கினேன். இப்போது சியாட்டில் பக்கம் வேலை, வீடு எல்லாம். (இந்த மடலைப் படிக்கப்போகும் நம் ஊர்க்காரர்களுக்காக: இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து. மேல்நிலைப் பிரிவில் மட்டும் 130-க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. அவை கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து, தங்களுக்குள் ஆடி, தொலைக்காட்சி உரிமையைக் குழுவாக விற்கின்றன. ஒரு பல்கலைக்கழகம் எந்தக் குழுவில் இருக்கிறது என்பதுதான் அதன் வரும்படி, அதன் எதிராளி, அதன் மரியாதை மூன்றையும் தீர்மானிக்கிறது.)

புல்மன், வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். சியாட்டிலிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் ஆகும். மைதானத்தில் 33,000 பேர் உட்காரலாம். கிட்டத்தட்ட ஊர் முழுவதையும் உள்ளே உட்கார வைத்துவிடலாம். அங்கே நான் பார்த்த முதல் பெரிய ஆட்டம் அந்த வருட நவம்பரில் நடந்த ஆப்பிள் கோப்பை. எங்களுக்கும் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் 1900-லிருந்து நடக்கும் பங்காளிச் சண்டை அது. அந்த வருடம் இரண்டு அணிகளுமே படு மோசம். எங்களுக்கு அதுவரை ஒரே ஒரு வெற்றி, அதுவும் கீழ்ப்பிரிவு அணி ஒன்றுக்கு எதிராக. அவர்களுக்கு அதுகூட இல்லை. நாடே கேலி பேசிய ஆட்டம். ஆனால் மைதானத்தைப் பார்த்தவர்கள் இறுதிப்போட்டி நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கோதுமை விவசாயி, ஊர் பேர் தெரியாத என்னைக் கூப்பிட்டுத் தன் பிக்கப் வண்டியின் பின்பக்கம் உட்கார வைத்தார். பல்கலைக்கழகத்தின் பால் பண்ணையிலேயே செய்து தகர டின்னில் அடைத்து விற்கும் கூகர் கோல்டு சீஸை டின் ஓப்பனரால் திறந்து, பாக்கெட் கத்தியால் துண்டு போட்டு பிஸ்கட்டில் வைத்துக் கொடுத்தார். "நாலு தடவை விடுவார்கள், பத்து கெஜம் நகர வேண்டும், மற்றதெல்லாம் போகப் போகப் புரியும்" என்று எனக்கு விதிகள் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய சீசன் டிக்கெட் அவருடைய அப்பா காலத்து இருக்கை. ஆட்டம் கடைசி விநாடியில் சமனாகி, இரண்டாவது ஓவர்டைமில் 16-13 என்று நாங்கள் ஜெயித்தோம். வாஷிங்டன் அந்த சீசனை 0-12 என்று முடித்தது.

அந்த 0-12-ஐக் குத்திக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை (சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்). அந்த வாஷிங்டன் இன்று பிக் டென் உறுப்பினர். 2018-ல் 11 ஆட்டங்களை ஜெயித்த வாஷிங்டன் ஸ்டேட்டை உங்களில் யாரும் கூப்பிடவில்லை. வாஷிங்டன்காரர்கள் பிறகு நன்றாக ஆடினார்கள், 2023 சீசனில் தேசிய இறுதிப்போட்டி வரைக்கும் போனார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வாசல் திறந்தது அதற்காக மட்டும் என்று யாராவது நினைக்கிறீர்களா? சியாட்டில் பெரிய தொலைக்காட்சிச் சந்தை. புல்மனில் இருப்பது கோதுமை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915 டிசம்பரில் போர்ட்லண்டில் ஒரு ஹோட்டலில் நான்கு பல்கலைக்கழகங்கள் கூடித் தொடங்கியது எங்கள் மேற்குக் கரை கான்ஃபரன்ஸ். நாங்கள் 1917-ல் சேர்ந்தோம். பெயர்கள் மாறின, நடுவில் ஒருமுறை கலைந்து திரும்பவும் கூடியது, கடைசியில் பேக்-12 என்று நின்றது. 2021 கோடையில் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போவதாக அறிவித்தன. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்கு. இரண்டே மாதத்தில் பிக் டென், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, ஒரே வெள்ளிக்கிழமையில் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏசிசிக்கு. நூறு வருடத்துக்கு மேல் நின்ற வீட்டில் மிஞ்சியது நாங்களும் ஓரிகன் ஸ்டேட்டும்.

எங்கள் பக்கத்துத் தலைவர்கள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. தாங்களே சொந்தமாக நடத்துகிறோம் என்று 2012-ல் தொடங்கிய தொலைக்காட்சி நெட்வொர்க் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒரு பள்ளிக்கு (பல்கலைக்கழகத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) 3 கோடி டாலர் என்று விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் கொடுத்த விலையை மறுத்து 5 கோடி கேட்டார்கள் என்று பின்னால் செய்தி வந்தது. கடைசியில் கையில் மிஞ்சியது, சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் தரும் ஆப்பிள் நிறுவனத்தின் ஒப்பந்தம் ஒன்றுதான். அதில் கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் ஓரிகனும் வாஷிங்டனும் எழுந்து போனார்கள். பேராசையும் திறமைக்குறைவும் எங்கள் கூடாரத்திலும் நிறையவே இருந்தன.

ஆனால் ஒரு கான்ஃபரன்ஸின் நிர்வாகம் தவறு செய்தால் அதற்கான தண்டனை அதில் இருந்த எல்லோருக்கும் விழ வேண்டும். இங்கே, தவறான முடிவுக்குக் கை தூக்கிய பத்துப் பேர் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள், ஊர் சின்னதாக இருந்த இரண்டு பேர் மட்டும் தண்டம் கட்டினார்கள். இருந்த நிதியையும் நிர்வாகத்தையும் காப்பாற்றிக்கொள்ளவே நாங்கள் விட்மன் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

இதனால் அதிகாரச் சமநிலை எப்படிச் சாய்ந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கணக்குப் புத்தகம் உங்களிடம்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். 2026-லிருந்து ஆறு ஆண்டுகளுக்கு ஈஎஸ்பிஎன் ப்ளேஆஃபுக்குத் தருவது 780 கோடி டாலர், வருடத்துக்கு 130 கோடி. அதில் உங்கள் இரண்டு கான்ஃபரன்ஸுக்கும் தலா ஏறத்தாழ 29 சதவீதம். அதாவது 34 பல்கலைக்கழகங்களுக்குப் பாதிக்கு மேல். இதற்கு முன்பு ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களும் ஏறக்குறைய சமமாகப் பிரித்துக்கொண்ட பணம் அது. பேச்சுவார்த்தை நடந்தபோது வந்த செய்திகளின்படி, பிக் டென்னில் ஒரு பள்ளிக்கு வருடத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல், எங்களுக்கும் ஓரிகன் ஸ்டேட்டுக்கும் தலா 3.6 லட்சம் டாலர் அளவில். கிட்டத்தட்ட அறுபது மடங்கு வித்தியாசம். இது ப்ளேஆஃப் பணம் மட்டும். முன்பு கான்ஃபரன்ஸ் வழியாக எங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்தது, அது போனது தனிக் கணக்கு.

பணம் போன வழியிலேயே ஆட்களும் போனார்கள். எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கேம் வார்ட் மயாமிக்குப் போய், அங்கிருந்து தொழில்முறை லீகான என்எஃப்எல் 2025-ல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். அடுத்து வந்த ஜான் மட்டீரைக் கண்டெடுத்து, வளர்த்து, ஒரு முழு சீசன் ஆட வைத்தோம். அவர் ஓக்லஹோமாவுக்குப் போனார். பயிற்சியாளர் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரெஸ்ட்டுக்குப் போனார். அவருக்குப் பின் வந்த ஜிம்மி ராஜர்ஸ் ஒரே ஒரு சீசன் இருந்துவிட்டு ஐயோவா ஸ்டேட்டுக்குப் போனார். ஓரிகன் ஸ்டேட்டில் ஜோனதன் ஸ்மித் 2023 நவம்பரிலேயே மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அவர் அந்தக் கல்லூரிக்கே குவார்ட்டர்பேக்காக ஆடியவர். பின்னாலேயே இளம் குவார்ட்டர்பேக் ஏடன் சைல்ஸும் போனார். 2025-ல் ஓரிகன் ஸ்டேட் பத்து ஆட்டங்களில் தோற்றது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வழக்கறிஞர்கள் இதைத் திருப்பிப் போடுவார்கள். ஆட்டக்காரர்கள் இடம் மாறுவதையோ சம்பளம் வாங்குவதையோ நான் எதிர்க்கவில்லை. கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும்போது அடிபடுகிற பையன்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் எத்தனையோ வருடம் ஓட்டினோம். ஆட்டக்காரர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த ஹவுஸ் தீர்வு அதைக் கொஞ்சமாவது சரி செய்தது. அதன்படி ஒரு பள்ளி முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். ஆனால் அந்த உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்று, அதை எட்டும் வசதி எல்லோருக்கும் ஒன்று இல்லை. உங்களுக்கு ப்ளேஆஃப் பங்கிலிருந்தே ஏறத்தாழ அந்தத் தொகை வந்துவிடுகிறது. எங்களுக்கு வருகிற பங்கில் நல்ல குவார்ட்டர்பேக் ஒருவரையே பிடித்து வைக்க முடியாது.

அடுத்து நீங்கள் இந்தியானாவைக் காட்டுவீர்கள். சரி, பேசுவோம். காலங்காலமாகத் தோற்பதற்கே பேர்போன இந்தியானா, 2025 சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று பட்டம் எடுத்தது. நானும் எழுந்து நின்று கை தட்டினேன். ஆனால் அது எதை நிரூபிக்கிறது? பல பத்தாண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தாலும் பிக் டென்னுக்குள் இருந்தால் பங்கு வந்துகொண்டே இருக்கும், சரியான பயிற்சியாளர் கிடைத்த நாளில் அவரைப் பிடித்து வைக்கப் பணம் இருக்கும் என்பதைத்தான். அதே பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மேடிசனில் இருந்துதான் இந்தியானாவுக்கு வந்தார். ஜேம்ஸ் மேடிசனால் அவரை வைத்துக்கொள்ள முடியவில்லை.

12 அணி ப்ளேஆஃப் வந்த முதல் ஆண்டு, 2024-ல், உங்கள் இரண்டு கான்ஃபரன்ஸ்களுக்கு ஏழு இடம். இரண்டாவது ஆண்டு எட்டு. எந்தச் சிறப்பு ஒதுக்கீடும் இல்லாமலேயே இவ்வளவு. அப்புறம் எதற்கு முன்பதிவு? எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு: பரிமாறுகிறவன் தன்னவனானால் பந்தியில் முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன. நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். கரண்டியும் உங்கள் கையில், இலையும் உங்கள் முன்னால்.

மைதானத்தில் வித்தியாசம் அறுபது மடங்கு இல்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2024 செப்டம்பர் 14, சியாட்டில் லூமன் ஃபீல்டில் ஆப்பிள் கோப்பை. ஒரு பக்கம் புதிதாக பிக் டென் சட்டை போட்ட வாஷிங்டன், இன்னொரு பக்கம் வீடில்லாத நாங்கள். கடைசி நிமிடத்தில் 24-19 என்று நாங்கள் முன்னால். அவர்களுக்கு நான்காவது முயற்சி, கோல் கோட்டுக்கு ஒரு கெஜம். பந்து ஓடுபவரிடம் போனது, எங்கள் பையன்கள் கோட்டுக்கு வெளியிலேயே அவரை மடக்கினார்கள். எனக்கு முன்வரிசையில் வாஷிங்டனின் ஊதா சட்டை போட்ட ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டு, திரும்பி என்னிடம் கை கொடுத்தார். "அடுத்த வருடமும் ஆடுவோம் இல்லையா?" என்று கேட்டார். 2028 வரைக்கும் ஒப்பந்தம் இருக்கிறது என்றேன். நூறு வருடத்துக்கும் மேலான பங்காளிச் சண்டைக்கு ஒப்பந்த முடிவு தேதி சொல்லும் நிலைமையை உண்டாக்கியது நீங்கள்தான்.

அந்த ஆட்டம் நன்றி நவிலல் வாரத்தில், குளிரில், சீசனின் முடிவாக நடக்க வேண்டியது. இப்போது செப்டம்பர் வெயிலில், கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு முன்னால் கணக்கு முடிக்கும் வேலையாக நடக்கிறது. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆடும் பெட்லம் 2023 நவம்பரோடு நின்றே போனது. எஸ்இசிக்குள் வந்ததால் டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் மறுபடி மோத ஆரம்பித்திருப்பதை ஒத்துக்கொள்கிறேன். அது நல்ல விஷயம். ஒன்று திரும்பி வர இன்னொன்று போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கால்பந்து அணிகளாவது வாரத்துக்கு ஒருமுறை தனி விமானத்தில் போகின்றன. 2024 செப்டம்பர் 27 வெள்ளி இரவு வாஷிங்டன் அணி நியூஜெர்சியில் ரட்கர்ஸோடு ஆடித் தோற்றது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸில். மற்ற விளையாட்டுகளை நினைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் சாஃப்ட்பால் ஆடுகிறாள். குடிபெயர்ந்த பத்துப் பள்ளிகளில் ஒன்றில் படிக்கிறாள், எது என்று சொல்ல மாட்டேன். அவள் அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததே அப்பா அம்மா காரில் வந்து ஆட்டம் பார்க்க முடியும் என்பதற்காக. இப்போது வியாழக்கிழமை கிளம்பினால் ஞாயிறு நள்ளிரவில் திரும்புகிறாள். ஆய்வகத் தேர்வை விமான நிலைய வாசலில் மடிக்கணினியை முட்டியில் வைத்துக்கொண்டு எழுதிய படத்தை அவள் அம்மா எனக்குக் காட்டினார். அவள் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்க யாரும் 700 கோடி கொடுக்கவில்லை. கால்பந்துக்காகப் போட்ட பாதையில் அவளும் போக வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் முன்கூட்டியே எச்சரித்தவர் ஒருவர் இருக்கிறார். தொலைக்காட்சி உரிமையை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் சங்கமான என்சிஏஏ மொத்தமாகக் கையில் வைத்திருந்தது சட்டவிரோதம் என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தபோது, மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பைரன் வைட். அந்த ஒன்பது பேரில் கல்லூரிக் கால்பந்தில் நட்சத்திரமாக இருந்தவர் அவர் ஒருவர்தான், கொலராடோவுக்கு ஆடினார். கட்டுப்பாடு போனால் கல்வியோடு பிணைந்த இந்த விளையாட்டு முழு வியாபாரமாகிவிடும் என்பது அவருடைய கவலை.

எங்கள் கை சுத்தமா என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். தனியாக நின்ற முதல் வருடத்தில் எங்களுக்கு ஆட்டம் கொடுத்து உதவியது மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ். 2024 செப்டம்பரில் அங்கிருந்தே பாய்ஸி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், பின்னாலேயே யூட்டா ஸ்டேட் என்று ஐந்து பேரை இழுத்துக்கொண்டோம். 2026 ஜூலையில் பிறக்கும் புதிய பேக்-12 அப்படித்தான் கட்டப்பட்டது. ஆள் இழுத்ததற்கான அபராதத் தொகை தர மாட்டோம் என்று வழக்கும் போட்டோம். எனக்கு அதில் பெருமை இல்லை. நீங்கள் எங்களுக்குச் செய்ததை நாங்கள் அங்கே விட்டுவிட்டு வந்த நெவாடாவுக்கும் வயோமிங்குக்கும் செய்தோம். மேலே இருப்பவர் ஒரு படி நகர்ந்தால் கீழே கடைசிப் படிவரை யாராவது விழுந்துகொண்டே இருப்பார்கள். அதனால்தான் இதைக் கீழ்ப்படியில் இருப்பவர்களிடம் எழுதாமல் உங்களிடம் எழுதுகிறேன்.

2003 அக்டோபரிலிருந்து ஈஎஸ்பிஎன்னின் காலேஜ் கேம்டே நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும், கூட்டத்துக்கு நடுவே எங்கள் சிவப்புக் கொடி ஒன்று ஆடும். முன்னாள் மாணவர்களே கொடியை ஊர் ஊராகத் தபாலில் அனுப்பி, அந்தந்த ஊரில் இருப்பவர் அதிகாலையில் எழுந்து போய் ஆட்டுவார். யாரும் காசு வாங்குவதில்லை. அந்த நிகழ்ச்சியில் நீங்கள் விளம்பரத்துக்கு விற்பது இந்த மாதிரிக் கிறுக்குப் பிரியத்தைத்தான். தொலைக்காட்சிச் சந்தை அளவை வைத்து இதை அளக்க முடிந்திருந்தால் நாங்கள் இன்று வெளியே நின்றிருக்க மாட்டோம்.

நான் கேட்பது இவைதான்.

ப்ளேஆஃப் 12-ஆக இருந்தாலும் 16, 24 ஆனாலும், எந்தக் கான்ஃபரன்ஸுக்கும் இத்தனை இடம் என்று முன்கூட்டி ஒதுக்கக் கூடாது. கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு உத்தரவாதம் கொடுங்கள், அது களத்தில் சம்பாதிப்பது. மிச்சத்தைத் தேர்வுக் குழு தீர்மானிக்கட்டும். நான்கு-நான்கு யோசனையை இனி எடுக்க மாட்டோம் என்று பிக் டென் எழுத்தில் சொல்ல வேண்டும்.

வடிவத்தை மாற்றும் அதிகாரத்தை எல்லாக் கான்ஃபரன்ஸ்களும் ஓட்டுப் போடும் நிர்வாகக் குழுவுக்குத் திருப்பிக் கொடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் இருவரும் சேர்ந்தாலும் மற்றவர்களிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

வருவாய்ப் பங்கீட்டை இந்த ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே மறுபடி திறக்க வேண்டும். சமமாகப் பிரியுங்கள் என்று கேட்கவில்லை. ப்ளேஆஃபுக்குத் தகுதி பெற்று வந்த அணிக்கு, அது எந்தக் கான்ஃபரன்ஸிலிருந்து வந்தாலும், ஆட்டத்துக்கு ஒரே தொகை என்ற பகுதியைப் பெரிதாக்குங்கள். ஒரு கான்ஃபரன்ஸில் இருந்ததற்காக மட்டும் கொடுக்கும் பகுதியைக் குறையுங்கள்.

1961-ன் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தைத் திருத்தி, கல்லூரிகளும் தொழில்முறை லீகுகளைப் போல உரிமைகளைச் சேர்த்து விற்க வழி செய்யும் மசோதாவை எங்கள் மாநில செனட்டர் மரியா கான்ட்வெல் கொண்டுவந்திருக்கிறார். அதற்கு எதிராக நீங்கள் ஆள் வைத்துப் பேசுவதை நிறுத்துங்கள். சேர்த்து விற்றால் மொத்த விலை குறையும் என்று நீங்கள் நம்பினால், அந்தக் கணக்கைச் செனட் விசாரணையில் எண்களோடு வைத்துக் காட்டுங்கள்.

கால்பந்தைத் தவிர்த்த மற்ற விளையாட்டுகளைப் பிராந்திய அட்டவணைக்குத் திருப்புங்கள். சாஃப்ட்பால், வாலிபால், சாக்கர் அணிகள் பக்கத்து மாநிலத்தோடு ஆடட்டும். இதற்கு ப்ளேஆஃப் குழு தேவையில்லை, பல்கலைக்கழகத் தலைவர்கள் நினைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே செய்யலாம். அதுவரை, வகுப்பு நடக்கும் வாரங்களில் ஒவ்வொரு அணியும் எத்தனை நாள் வெளியூரில் இருந்தது என்பதைச் சீசன் முடிந்ததும் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும்.

ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் பழைய பங்காளி ஆட்டங்களை, வேறு வேறு கான்ஃபரன்ஸில் இருந்தாலும், ஆண்டுதோறும் நடத்தக் கான்ஃபரன்ஸ் அட்டவணையில் ஒரு வாரம் ஒதுக்குங்கள். நவம்பரில் ஒதுக்குங்கள். ஆப்பிள் கோப்பைக்கு 2028-க்குப் பிறகு என்ன என்பதை பிக் டென் இப்போதே சொல்ல வேண்டும்.

கடைசியாக, ப்ளேஆஃபின் அடுத்த வடிவம் குறித்த முடிவை எடுப்பதற்கு முன் ஒரு பொது அமர்வு வையுங்கள். உள்ளே இருக்கும் 34 பள்ளிகளின் தலைவர்களோடு வெளியே இருக்கும் பள்ளிகளின் தலைவர்களையும் ஆட்டக்காரர்களையும் உட்கார வைத்து, கூட்டக் குறிப்பை வெளியிடுங்கள். புல்மனில் வைப்பதென்றால் 33,000 பேர் உட்கார இடம் இருக்கிறது. தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆட்ட நாளில் அங்கே தங்க அறை கிடைக்காது.

இப்படிக்கு,
சியாட்டிலில் வசிக்கும் ஒரு புல்மன் முன்னாள் மாணவன்